குடிபெயர்ந்தோர் சமைத்த பழமை

சொந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறுவோர் தம்முடன் கொண்டு செல்வன பல. மொழி, வழிபாடு, உறவுமுறை, மணவினை வழக்கங்கள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இரண்டாம் தலைமுறையில் மொழி சற்றே தளர்கிறது. மூன்றாம் தலைமுறையில் வழக்கங்கள் சுருங்குகின்றன. ஆயினும் நாவின் நினைவு எளிதில் அழிவதில்லை. பாட்டியின் மொழியில் ஒரு கடிதம் எழுத இயலாத பேரனும் பாட்டி வைத்த குழம்பின் மணத்தை அறிவான். தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அந்த நாவின் நினைவு எத்துணைப் பழமையானது? முன்னோர் உண்டது என்று ஒரு சமூகம் பெருமையுடன் பேசும் உணவை அம்முன்னோர் உண்மையிலேயே உண்டனரா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற ஓர் இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநகரில் இருக்கிறது. அது ஓர் உணவுக்கடை. 1888ஆம் ஆண்டில் தோன்றியதாகத் தன் வரலாற்றைக் கூறும் அக்கடையின் பெயர் காட்ஸ் டெலிகடெசன்.

மன்ஹாட்டன் தீவின் தென்கிழக்குப் பகுதிக்கு லோயர் ஈஸ்ட் சைடு என்று பெயர். அங்கே ஹவுஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் கூடும் முனையில் இக்கடை இன்றும் நடைபெறுகிறது. நீண்ட பெருங்கூடம், ஒரு பக்கம் முழுவதும் இறைச்சியை அறுத்துக் கொடுக்கும் மேடை, சுவரெங்கும் வந்து சென்ற புகழ்பெற்றோரின் படங்கள். நுழைவோர் ஒவ்வொருவர் கையிலும் வாயிலில் ஒரு சீட்டுக் கொடுக்கப்படும். வாங்கிய பண்டத்தை மேடையில் நிற்போர் அச்சீட்டில் குறிப்பர். வெளியேறும்போது சீட்டைக் காட்டிப் பணம் செலுத்த வேண்டும். சீட்டைத் தொலைத்தவர் தண்டம் இறுக்க நேரிடும். கணிப்பொறிகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் அப்பழைய முறையைக் கடைக்காரர் கைவிடவில்லை.

டெலிகடெசன் என்பது ஜெர்மானியர் வழியாக அமெரிக்காவுக்கு வந்த சொல். நயமான உண்பொருள்கள் என்பது அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே லோயர் ஈஸ்ட் சைடில் ஜெர்மானியர் பெருந்திரளாகக் குடியேறியிருந்தனர். பதப்படுத்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் முதலியவற்றை விற்கும் கடைகளை அவர்கள் நடத்தினர். பின்னர் வந்த யூதர்கள் அக்கடையின் அமைப்பையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, தம் சமயம் விலக்கிய பன்றி இறைச்சியை நீக்கி, மாட்டிறைச்சியை வைத்தனர். ஆகவே யூதரின் மரபுக்கடை என்று உலகம் கூறும் இக்கடையின் பெயரே முன்பு குடியேறிய பிறரிடம் பெற்ற கடன் என்பது தெளிவு.

அந்த யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்த காரணத்தைச் சிறிது நோக்குவோம். 1881ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ருஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் வெடிகுண்டுக்கு இரையானார். அதன் பழி யூதர்கள் மீது சுமத்தப்பட்டது. ருஷ்யப் பேரரசின் தென்பகுதிகளில் அவர்தம் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. வாழும் இடத்துக்கும் செய்யும் தொழிலுக்கும் கல்விக்கும் முன்னரே இருந்த கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. கொடுமையும் வறுமையும் ஒருங்கே நெருக்க, மக்கள் கப்பலேறினர். 1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற யூதர்களின் தொகை 20 லட்சத்துக்கும் மிகுதி. அவருள் மிகப் பலர் முதலில் தங்கிய இடம் லோயர் ஈஸ்ட் சைடு. 1910ஆம் ஆண்டையொட்டி அச்சிறு பகுதியில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நெருங்கி வாழ்ந்தனர். ஏறத்தாழ 325 சதுர அடி கொண்ட மூன்று சிறு அறைகளில் ஒரு குடும்பமும், சில வேளைகளில் அதனுடன் வாடகைக்குத் தங்கியவரும் உண்டு உறங்கி ஆடை தைத்து வாழ்ந்த காலம் அது.

விட்டு வந்த ஊர்களில் இம்மக்கள் உண்டது என்ன? கம்புநிறமான புல்லரிசி ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பீட்ரூட், உப்பிட்ட ஹெர்ரிங் மீன் ஆகியவையே ஏழையரின் அன்றாட உணவு. இறைச்சி அரிய பொருள். வாரந்தோறும் வரும் ஓய்வுநாளுக்கும் திருநாள்களுக்கும் உரியது. அமெரிக்காவிலோ நிலைமை வேறாயிருந்தது. நடு மாநிலங்களின் பரந்த புல்வெளிகளில் மேய்ந்த மாடுகள் சிகாகோ நகரில் அறுக்கப்பட்டு, பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்கப்பட்ட ரயில் பெட்டிகளில் கிழக்குக் கடற்கரை நகரங்களுக்கு வந்தன. தையற்கூலி பெற்று வாழ்ந்த தொழிலாளியும் ஐரோப்பாவில் கனவிலும் காணாத அளவு இறைச்சியை இங்கே வாங்கலாயினான். இறைச்சியை அடுக்கடுக்காக வைத்த பெரிய ரொட்டித் துண்டு, இந்தப் புதிய நிலத்தின் வளத்தில் பிறந்த உணவேயன்றிப் பழைய ஊரின் உணவன்று.

எனினும் எந்த இறைச்சியை எவ்வாறு உண்பது என்பதைப் பழைய மறைநூலே விதித்தது. குளம்பு பிளந்து அசைபோடும் விலங்கையே யூதர் உண்ணலாம். பயிற்சி பெற்ற ஒருவர் அதனைச் சமய விதிப்படி அறுக்க வேண்டும். இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டு, குருதியை வடித்துவிட வேண்டும். இவ்விதிகளுக்கு உட்பட்ட உணவே கோஷர் எனப்படும். விலங்கின் பின்தொடையில் ஓடும் பெருநரம்பை உண்ணலாகாது என்பது மற்றொரு விதி. அந்நரம்பை முற்ற நீக்குவது கடினமான வேலையாதலால், பின்பகுதியைப் பெரும்பாலும் பிற சமயத்தாருக்கு விற்றுவிட்டு, முன்பகுதியையே யூதர் பயன்படுத்தினர். நெஞ்சுப் பகுதி இறைச்சி விலை குறைந்தது. ஆயின் நார் மிகுந்து கடினமானது. அதனை நாள்கணக்கில் உப்பில் ஊறவைத்து, நெடுநேரம் வேகவைத்தால் மட்டுமே பல்லுக்கு இணங்கும். இன்று விலையுயர்ந்த சுவைப் பண்டமாகிவிட்ட அவ்வுணவின் பக்குவத்தை வகுத்தவை சமய விதியும் ஏழ்மையுமே ஆகும்.

அக்கடையின் தலைசிறந்த பண்டமாகிய பாஸ்த்ராமியின் வரலாறும் இத்தகையதே. துருக்கி மொழியில் அழுத்திப் பதப்படுத்திய இறைச்சிக்குப் பாஸ்திர்மா என்று பெயர். துருக்கியரின் ஆட்சி பரவிய ருமேனிய நாட்டுக்கு அச்சொல் சென்று பாஸ்த்ராமா ஆயிற்று. அந்நாட்டு யூதர்கள் வாத்திறைச்சியைக் கொண்டும் அதனைச் செய்தனர். நியூயார்க்குக்கு வந்தபின், மாட்டிறைச்சியே மலிவாகக் கிடைத்தமையால் அதற்கு மாறினர். உப்பில் ஊறிய இறைச்சியின் மேல் மிளகு, கொத்தமல்லி விதை, பூண்டு முதலியவற்றை அப்பி, புகையில் வாட்டி, வேகவைத்து, ஆவியில் சூடாக வைத்திருந்து, கூரிய கத்தியால் நாரின் குறுக்கே அரிவர். இறைச்சி உண்ணாத நேயர்களுக்கும் அம்மசாலைப் பொருள்கள் அயலானவை அல்ல. உடன் வைக்கும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் நம் மாவடுவின் உறவினம் எனலாம். புளிக்காடி சேர்க்காமல், பூண்டும் மணத்தழையும் இட்ட உப்புநீரில் மரப்பீப்பாயில் கிடந்து தானே புளித்தது அது.

ஆக, கடையின் அமைப்பு ஜெர்மானியருடையது. இறைச்சியின் பெயர் துருக்கியிலிருந்து ருமேனியா வழியாக வந்தது. ரொட்டி போலந்து, ருஷ்ய நாடுகளின் புல்லரிசியால் ஆனது. இரு துண்டு ரொட்டிக்கிடையே பண்டத்தை வைத்துண்ணும் வழக்கமோ ஆங்கிலேயருடையது. இவையனைத்தும் ஒரே தட்டில் கூடியது நியூயார்க் நகரில். அக்கூட்டையே மக்கள் தம் மரபு என்று அழைத்தனர்.

மரபு புதியதாயினும் அதன்மேல் கொண்ட பற்று வலியது என்பதற்கு 1902ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. அவ்வாண்டு மே மாதம், இறைச்சி வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த பெரு நிறுவனங்களின் செயலால், கோஷர் மாட்டிறைச்சியின் விலை இராத்தல் ஒன்றுக்கு 12 சென்டிலிருந்து 18 சென்டாக ஏறியது. லோயர் ஈஸ்ட் சைடின் இல்லத்தரசிகள் கொதித்தெழுந்தனர். வீடு வீடாகச் சென்று ஆதரவு திரட்டி, இறைச்சிக் கடைகளைப் புறக்கணித்தனர். தடையை மீறி விற்ற கடைகளுக்குள் புகுந்து இறைச்சியைத் தெருவில் எறிந்து அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றினர். பலர் கைதாயினர். சில வாரங்களில் விலை 14 சென்டுக்கு இறங்கியது. ஆங்கிலம் சரிவரப் பேச அறியாத தாய்மார்கள் ஒரு பெருநகரின் வாணிபத்தையே பணியவைத்த செய்தி இது. ஒரு தலைமுறைக்கு முன் திருநாளுக்கு மட்டும் கிடைத்த உணவு, இதற்குள் உரிமையாகிவிட்டது என்பதையும் இது காட்டுகிறது.

பாலையும் இறைச்சியையும் சேர்த்துண்ணலாகாது என்ற விதி, கடைவீதியையே இரண்டாகப் பிரித்தது. டெலிகடெசன் இறைச்சிக்கு உரியது. மீனும் பாலாடைக்கட்டியும் விற்கும் கடைகள் தனியே தோன்றின. அவற்றுள் ரஸ் அண்டு டாட்டர்ஸ் என்னும் கடை 1914ஆம் ஆண்டில் தொடங்கி, அதே ஹவுஸ்டன் தெருவில் இன்றும் நடைபெறுகிறது. ஆண்மக்கள் இல்லாத உரிமையாளர் தம் மூன்று பெண்மக்களையும் பங்காளிகளாக்கிப் பெயர்ப்பலகையிலும் ஏற்றினார். ஒரே தெருவில் சிறு தொலைவில் நிற்கும் இவ்விரு கடைகளையும் காண்போர், ஒரு பழைய மறைமொழி நகரத்தின் அமைப்பில் எவ்வாறு பதிந்திருக்கிறது என்பதைக் கண்கூடாகக் காணலாம்.

காட்ஸ் கடையின் கதைக்கு வருவோம். லட்லோ தெருவில் அதனை முதலில் நடத்தியவர்கள் ஐஸ்லாந்து என்ற குடும்பப் பெயருடைய சகோதரர்கள். 1903ஆம் ஆண்டில் வில்லி காட்ஸ் கூட்டாளியாகச் சேர்ந்தார். 1910ஆம் ஆண்டில் அவருடைய உறவினர் பென்னி வந்து சேர, இருவரும் பழைய உரிமையாளரின் பங்கை வாங்கிக்கொண்டனர். கடை காட்ஸ் என்ற பெயரைப் பெற்றது. 1917ஆம் ஆண்டில் ஹாரி டரோவ்ஸ்கி மூன்றாமவராக இணைந்தார். சுரங்க ரயில் பாதை அமைக்கும் பணியின்போது கடை தெருவின் எதிர்ப்புறத்துக்கு மாறியது. ஹவுஸ்டன் தெருவின் பக்கம் நெடுங்காலம் வெற்றுமனையாகக் கிடந்தது. இறைச்சியும் ஊறுகாயும் நிரம்பிய பீப்பாய்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. இன்று காணும் முகப்பு 1946 முதல் 1949 வரையுள்ள ஆண்டுகளில் எழுந்தது. அருகே இரண்டாம் அவென்யூவில் யிட்டிஷ் மொழி நாடக அரங்குகள் செழித்திருந்த நாளில், நடிகர்களும் பாடகர்களும் இக்கடைக்கு வந்து உண்பது வழக்கம்.

அக்காலத்துச் சீர்திருத்தவாதிகள் பலருக்கு இவ்வுணவு பிடிக்கவில்லை. காரமும் புளிப்பும் மிக்க பண்டங்கள் குழந்தைகளின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்றும், புதிய நாட்டின் பண்போடு ஒன்றிவிடாமல் தடுக்கும் என்றும் அவர்கள் கருதினர். குழந்தைகளோ ஊறுகாய்ப் பீப்பாயை விடவில்லை. பெற்றோரின் தொழுகையையும் யிட்டிஷ் மொழியையும் மெல்ல மெல்லக் கைவிட்ட மக்கள், ஞாயிறு மாலைகளில் டெலிகடெசனில் கூடுவதை மட்டும் கைவிடவில்லை. அங்கே உண்பதும் உரக்கப் பேசுவதும் தாம் யூதர் என்பதை உணர்த்தப் போதுமானவை என அவருள் பலர் கருதினர். 1930களில் நியூயார்க் நகரில் ஏறத்தாழ 1,500 கோஷர் டெலிகடெசன் கடைகள் இருந்தன எனக் கணக்கிட்டுள்ளனர்.

இதற்கிடையில் இரு பெருந்துயரங்கள் நிகழ்ந்தன. 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பியருக்கு அமெரிக்காவின் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் 60 லட்சம் யூதர்களை ஹிட்லரின் ஆட்சி கொன்று குவித்தது. எந்த ஊர்களிலிருந்து இவர்கள் கப்பலேறினரோ அவ்வூர்களின் யூத வாழ்வு வேரோடு அழிந்தது. அப்போரின்போது காட்ஸ் கடை உரிமையாளரின் மைந்தர் மூவர் அமெரிக்கப் படையில் பணியாற்றினர். படையிலிருக்கும் பிள்ளைக்கு ஒரு சலாமி அனுப்புமாறு பெற்றோரைத் தூண்டும் விளம்பர வாசகம் அப்போதுதான் எழுந்தது. நன்கு உலர்த்திய சலாமி கெடாமல் கடல்கடந்து செல்லும். அவ்வாசகம் எழுதிய பலகை இன்றும் கடையில் தொங்குகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர், ஊர் நினைவு வந்தால் ரயிலேறித் தம் ஊரைக் காணலாம். தாம் சமைப்பது சரிதானா என்று அங்குள்ள அத்தையிடமும் பெரியம்மாவிடமும் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். 1945க்குப் பின் நியூயார்க்கின் யூதருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கேட்டறிவதற்குரிய ஊரும் இல்லை, உறவினரும் இல்லை. ஆகவே புதிய நகரில் பிறந்த கடைத்தட்டு, பழைய ஊரின் நினைவுச் சின்னமாயிற்று. வரலாற்று முறையில் நோக்கினால் அது பழைய ஊரின் உணவன்று என்று கூறலாம். ஆயினும் இழந்தவற்றின் இடத்தில் நிற்பதற்கு வேறொன்றும் மிகுந்திருக்கவில்லை என்பதை மறந்து அவ்வாறு கூறுதல் முறையாகாது.

போருக்குப் பின் யூதக் குடும்பங்கள் செல்வமும் கல்வியும் பெற்றுப் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. லோயர் ஈஸ்ட் சைடில் போர்ட்டோ ரீகோ தீவினர் பெருகினர். பெரிய அங்காடிகள் கட்டிவைத்த இறைச்சியை மலிவாக விற்றன. கொழுப்பும் உப்பும் உடலுக்குத் தீங்கு என்ற எண்ணம் பரவியது. எல்லாவற்றுக்கும் மேலாக மனை வாடகை ஏறியது. 1954ஆம் ஆண்டில் தோன்றிய செகண்டு அவென்யூ டெலி, வாடகைப் பூசலால் 2006ஆம் ஆண்டில் பழைய இடத்தில் மூடப்பட்டு, 2007ஆம் ஆண்டின் இறுதியில் வேறிடத்தில் மீண்டும் திறந்தது. 1937 முதல் நடந்த கார்னகி டெலி 2016ஆம் ஆண்டின் இறுதி நாளன்று மூடப்பட்டது. 1,500 கடைகள் இருந்த நகரில் எஞ்சியவை மிகச் சிலவே.

காட்ஸ் மட்டும் நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு. தான் நடைபெறும் கட்டடத்தைக் கடை தனக்கே உரியதாக வைத்திருந்தது. 2010களில், தன் தாழ்ந்த கட்டடத்தின் மேலுள்ள வெளியில் கட்டிக்கொள்ளும் உரிமையைப் பக்கத்து மனையில் உயர்மாடி எழுப்பியவருக்கு விற்றுப் பொருள் ஈட்டியது. குடும்ப வழி தளர்ந்தபோது, 1988ஆம் ஆண்டில் கடை வேறு குடும்பத்தின் கைக்கு மாறியது. வாங்கியவர்கள் பெயரையும் முறையையும் மாற்றவில்லை. மருந்துநீரை ஊசியால் ஏற்றி 36 மணி நேரத்தில் இறைச்சியைப் பதப்படுத்தும் முறை பிற இடங்களில் பரவிய பின்னும், இங்கே அதற்கு 30 நாள்கள் வரை செலவிடுகின்றனர். அரிவதும் கையால்தான். மேடையில் நிற்போர் முதலில் ஒரு சிறு துண்டை அரிந்து, வந்தவருக்குச் சுவை பார்க்கக் கொடுப்பது வழக்கம். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த வென் ஹாரி மெட் சாலி என்ற திரைப்படத்தின் புகழ்பெற்ற காட்சி இக்கூடத்தில் எடுக்கப்பட்டதால் உலகெங்கிலுமிருந்து பயணிகள் வரலாயினர்.

விட்டுக்கொடுத்தவையும் உள. காட்ஸ் இன்று கோஷர் கடை அன்று. யூதரின் ஓய்வுநாளாகிய சனிக்கிழமையிலும் அது திறந்திருக்கும். இறைச்சியின்மேல் பாலாடைக்கட்டி வைத்த பண்டமும் அங்கே கிடைக்கும். விதி வழுவாத யூதர் அங்கே உண்பதில்லை. 1902ஆம் ஆண்டில் கோஷர் இறைச்சிக்காகத் தெருவில் இறங்கிய தாய்மார்கள் இன்று வந்தால், வாயிலிலேயே நின்றுவிடுவர் என்பதில் ஐயமில்லை. மேடையில் கத்தி பிடித்து நிற்போருள் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து குடியேறியவர் பலர். யூதர் ஜெர்மானியரிடம் கடையின் அமைப்பைக் கற்றனர். இன்று இவர்கள் யூதரிடம் கற்ற கைத்தொழிலால் பிழைக்கின்றனர்.

இதனைப் பேறு என்பதா, இழப்பு என்பதா? இரண்டும் உண்டு என்பதே நேர்மையான விடை. சமய விதி போயிற்று, மொழி போயிற்று, சுற்றி வாழ்ந்த மக்களும் போயினர். முப்பது நாள் பொறுத்திருக்கும் தொழில்நெறி மட்டும் போகவில்லை. மரபைக் காப்பது என்றால் எதனைக் காப்பது என்ற வினா குடிபெயர்ந்த ஒவ்வொரு சமூகத்தின் முன்னும் நிற்கிறது. எதுவும் மாறலாகாது என்று நின்ற கடைகள் பல மூடுண்டன. எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட கடைகளோ பிறவற்றிலிருந்து வேறுபாடின்றி மறைந்தன. ஹவுஸ்டன் தெருமுனையிலுள்ள கடை இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியைத் தேர்ந்தது. அவ்வழி எல்லோருக்கும் உகந்ததெனக் கூற இயலாது. ஆயினும் தம் இல்லத்து அடுப்பில் பிள்ளைகளுக்காக எதை மாறாமல் வைத்திருப்பது, எதை அவர்கள் விருப்பத்துக்கு விடுவது என்று எண்ணும் பெற்றோர், இவ்வரலாற்றை அறிந்து எண்ணுதல் நலம்.